மதமும் குடியாட்சியும்: ஜெர்மனி தேசம் தரும் படிப்பினை

(நமது சங்கத்தின் ஆண்டு மகாநாட்டில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திருவள்ளுவர் செங்கோன்மை என்னும் அதிகாரத்தை அருளிச்செய்து, அதற்கு அடுத்த அதிகாரமாகவே கொடுங்கோன்மையை வைத்தார். இரண்டிற்கும் இடையில் வேறோர் அதிகாரம் இல்லை. நல்லாட்சி கொடிய ஆட்சியாக மாறுதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை என்பதை அவ்வைப்பு முறையே நமக்கு உணர்த்துவது போலும். முடியரசர் காலத்துக்கு உரிய அவ்வுண்மை குடியாட்சிக்கும் பொருந்துமா என்பதே இன்று யான் ஆராயப் புகும் பொருள். கல்வியிற் சிறந்து, தெய்வ பக்தியிற் குறைவில்லாது, தம் கையாலேயே வாக்குச் சீட்டைப் பெற்றிருந்த ஒரு ஜன சமூகம், பதினான்கே ஆண்டுகளில் அச்சுதந்திரத்தை ஒரு தனி மனிதன் காலடியில் வைத்தது. அத்தேசம் ஜெர்மனி. அது எவ்வாறு நிகழ்ந்தது? கோயிலும் குருமாரும் சங்கங்களும் நிறைந்த அந்நாட்டில் தடுப்பார் ஏன் இலராயினர்? பிறப்பை அடிப்படையாகக் கொண்டு கூடியுள்ள நம் போன்ற சங்கத்தார் இவ்வினாவை மற்றையோரினும் அதிகக் கவனத்துடன் கேட்டல் வேண்டும். காரணத்தை முடிவிற் கூறுவேன்.

முதலில் அந்நாட்டின் நிலையைச் சிறிது காண்போம். அக்காலத்தில் ஜெர்மானியரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் புராடெஸ்டண்டு கிறிஸ்தவர். மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். யூதர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். 1918-ம் ஆண்டு வரையில் பிரஷ்ய தேசத்து மன்னரே அந்நாட்டுப் புராடெஸ்டண்டு சபைக்கும் தலைவர். அரியணையும் பலிபீடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்னலாம். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் யுத்தத்தில் தோல்வி நேர்ந்தது. மன்னர் முடி துறந்து ஹாலந்து தேசம் சென்றார். 1919-ம் ஆண்டு வைமார் நகரிற் கூடிய சபை புதியதோர் அரசியல் சட்டத்தை இயற்றியது. ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை உண்டாயிற்று. அரசாங்கத்திற்கென ஒரு மதம் இல்லை என்றும் விதிக்கப்பட்டது.

புதிய குடியரசு மதத்திற்குத் தீங்கு செய்ததோ எனின், இல்லை. சபைகள் தம் அங்கத்தினரிடம் வரி பெறும் உரிமையை அச்சட்டமே நிலைநாட்டியது. பள்ளிகளில் மத போதனையும் சர்வகலாசாலைகளில் வேத சாஸ்திரப் பிரிவுகளும் முன்போலவே நடைபெற்றன. அங்ஙனமிருந்தும் புராடெஸ்டண்டுக் குருமாரிற் பெரும்பாலோர் குடியரசைத் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்சி என்பது மேலிருந்து, கடவுளருளால், ஒரு தலைவன் மூலம் இறங்கி வருவது என்னும் எண்ணம் பல தலைமுறைகளாக அவர் மனத்தில் ஊறியிருந்தது. பல கட்சிகள் வாதிட்டு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, எண்ணிக்கையால் முடிவு செய்யும் முறை அவர்க்கு வீண் சச்சரவாகத் தோன்றியது. ஞாயிறுதோறும் பிரசங்க மேடையிலிருந்து மன்னராட்சியின் புகழையும் குடியரசின் இழிவையும் கேட்டு வந்த மக்கள், அரசியலில் ஒரு மீட்பரை எதிர்நோக்கப் பழகினர். சட்டப் புத்தகத்திற் குடியாட்சி இருந்தது. உள்ளத்தில் அது வேர் கொள்ளவில்லை. ஒரு நாட்டின் அரசியற் பண்பு என்பது இதுவே. தேர்தல் நாளில் மட்டும் அது பிறப்பதன்று; வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் நாள்தோறும் பயின்று வருவது.

இனி, சட்டம் எவ்வாறு தேய்ந்தது என்று பார்ப்போம். வைமார் அரசியல் சட்டத்தின் 48-வது விதி, ஆபத்துக் காலத்தில் சட்டசபையை எதிர்பாராது உத்தரவுகள் பிறப்பிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளித்திருந்தது. 1929-ம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் கட்சிகள் ஒன்றுபட்டு மந்திரி சபை அமைக்க இயலாது போயின. 1930-ம் ஆண்டு பிரதம மந்திரியான புரூனிங் என்பவர் கத்தோலிக்கரின் மத்தியக் கட்சியைச் சேர்ந்தவர், ஒழுக்கமுடையவர், கொடியவர் அல்லர். எனினும் அவரும் அவசர உத்தரவுகளாலேயே ஆண்டார். 1930-ல் சட்டசபை நிறைவேற்றிய சட்டங்கள் 98, 1931-ல் 34, 1932-ல் வெறும் 5. சட்டசபை உயிருடன் இருக்கும்போதே அதன் மூச்சு இவ்வாறு அடங்கி வந்தது. ஹிட்லர் பதவிக்கு வருமுன்னரே, சட்டசபையின்றியும் நாட்டை ஆளலாம் என்பது மக்களுக்குப் பழகிவிட்டது. 1932-ம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை அறுபது லட்சத்தை எட்டியது. பசித்த வயிறும் பழகிப்போன அவசர ஆட்சியும் ஒன்றுகூடின. 1928-ல் 12 ஸ்தானங்களே பெற்றிருந்த நாஜி கட்சி 1930-ல் 107 ஸ்தானங்களும், 1932 ஜூலையில் 230 ஸ்தானங்களும் பெற்றது.

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பிரதம மந்திரியானார். அவரோடு மந்திரி சபையில் இருந்த நாஜிகள் இருவரே. அவரைக் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று மற்றையோர் நம்பினர். பிப்ரவரி 27-ந் தேதி இரவு சட்டசபை மண்டபம் தீப்பற்றி எரிந்தது; மறுநாளே பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை யாவும் ஓர் உத்தரவால் நிறுத்தி வைக்கப்பட்டன. அதன்பின் மார்ச்சு மாதத்தில் தொடர்ச்சியாக மூன்று நாட்களில் நிகழ்ந்தவற்றை நீவிர் உற்று நோக்கல் வேண்டும்.

மார்ச்சு 21-ந் தேதி, போட்ஸ்டாம் நகரில், பிரஷ்ய மன்னர்களின் சமாதி உள்ள தேவாலயத்தில், புதிய சட்டசபையின் தொடக்க விழா நடந்தது. மணிகள் ஒலித்தன, கீதங்கள் பாடப்பெற்றன, முதிய ஹிண்டன்பர்க்கின் முன் ஹிட்லர் தலை வணங்கினார். பக்திமான்கள் பலர் கண்ணீர் உகுத்து மகிழ்ந்தனர். மார்ச்சு 22-ந் தேதி, டாக்காவ் என்னுமிடத்தில் கைதிகளை அடைக்கும் முகாம் திறக்கப்பட்டது. மார்ச்சு 23-ந் தேதி, சட்டசபையின்றித் தாமே சட்டம் செய்யும் அதிகாரத்தை நான்கு ஆண்டுகட்கு ஹிட்லரின் மந்திரி சபைக்கு வழங்கும் மசோதா கொண்டுவரப்பட்டது. ஒரு நாள் தேவாலயம், மறுநாள் சிறை முகாம், மூன்றாம் நாள் அதிகார சாசனம். முதல் நாளின் நறும்புகை, பின்னிரு நாட்களின் நாற்றத்தை மறைத்தது.

அம்மசோதா நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டியிருந்தன. கம்யூனிஸ்டு அங்கத்தினர் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தனர். எழுபதுக்கு மேற்பட்ட ஸ்தானங்களை உடைய கத்தோலிக்க மத்தியக் கட்சியின் நிலையை எல்லோரும் எதிர்பார்த்தனர். அதன் தலைவர் லுட்விக் காஸ் என்பவர் ஒரு குருவே. சபைகளின் உரிமைகள் காக்கப்படும் என்று ஹிட்லர் வாய்மொழியாக உறுதி கூறினார். எழுத்திலும் தருவதாகச் சொல்லப்பட்டது. அக்கடிதம் வந்து சேரவே இல்லை. கட்சியினுள் புரூனிங் முதலானோர் அஞ்சித் தடுத்தும், முடிவில் கட்சி முழுவதும் ஆதரவாகவே வாக்களித்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். சுற்றிலும் சீருடைப் படையினர் நின்று கூச்சலிட, அக்கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து மறுப்புரை நிகழ்த்தினார். பிற்காலத்தில் அயல்நாட்டில் அகதியாக அவர் உயிர் நீத்தார். வேறு வழியே இல்லை என்று சொல்வோர்க்கு அந்த 94 பேரே மறுமொழி.

மத்தியக் கட்சி தான் விற்றதற்கு என்ன விலை பெற்றது? ஜூலை 5-ந் தேதி அக்கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20-ந் தேதி ரோமாபுரியில் போப்பாண்டவரின் பிரதிநிதியும் ஜெர்மன் அரசாங்கமும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். குருமார் அரசியற் கட்சிகளிற் சேரலாகாது. அதற்குப் பிரதியாகக் கத்தோலிக்கப் பள்ளிகளும் சங்கங்களும் பாதுகாக்கப்படும் என்பது அதன் சாரம். ஓராண்டு நிறைவதற்குள், 1934 ஜூன் 30-ந் தேதி, பெர்லின் கத்தோலிக்கரின் தலைவர்களில் ஒருவரான கிளாசனர் தம் அலுவலக அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மெல்ல மெல்ல வாலிபர் சங்கங்கள் கலைக்கப்பட்டன; பள்ளிகள் பறிக்கப்பட்டன. பொது மதிலை இடிக்க இசைந்து தன் வீட்டு மதிலுக்கு உறுதிச்சீட்டு வாங்கியவன் கதி அதுவாயிற்று.

புராடெஸ்டண்டுகளிடையே நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. ஏசுநாதர் மதத்தையும் நாஜிக் கொள்கையையும் ஒன்றாக்க முயன்ற ஜெர்மன் கிறிஸ்தவர் என்னும் கட்சியார், 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெற்றி பெற்றனர். தேர்தலுக்கு முதல் நாள் இரவு ஹிட்லரே வானொலியில் அவர்க்காகப் பேசினார். செப்டம்பரிற் கூடிய பிரஷ்ய சபை மகாநாடு, யூத வமிசத்திற் பிறந்தவர் குருத்துவப் பதவி வகிக்கலாகாது என்று விதித்தது. ஞானஸ்நானம் பெற்று, வேதம் கற்று, பலிபீடத்தில் நின்றவனையும், அவன் பாட்டனின் பிறப்பைக் காட்டி வெளியே தள்ளினர்.

இதனை எதிர்த்து மார்ட்டின் நீமொல்லர் என்னும் குரு, குருமாரின் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். சில மாதங்களில் ஏழாயிரம் பேர் வரை அதிற் சேர்ந்தனர். 1934 மே மாத இறுதியில் பார்மன் நகரில் 139 பிரதிநிதிகள் கூடி, சபையின் தலைவர் கிறிஸ்துவே, வேறு தலைவரை அது தெய்வ வாக்காக ஏற்காது என்று பிரகடனம் செய்தனர். இது வீரச் செயலே, ஐயமில்லை. ஆனால் அப்பிரகடனத்தில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனை வரைந்தவருள் தலைசிறந்தவரான கார்ல் பார்த், அது தம்முடைய குறையே என்று முதுமையில் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டு பவேரியா, வூர்ட்டம்பர்க் பகுதிகளின் அத்தியட்சர் இருவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டபோது, விசுவாசிகள் திரண்டெழுந்து ஆட்சேபித்தனர். ஹிட்லரின் அரசாங்கம் பின்வாங்கி அவர்களை விடுவித்தது. இதனை நன்கு சிந்தியுங்கள். அந்த ஆட்சி ஜனங்களின் குரலுக்குச் செவி சாய்த்ததுண்டு. மக்களுக்குக் குரல் எழுப்பவும் தெரிந்திருந்தது. தம் அத்தியட்சருக்காக எழுந்த குரல், அடுத்த தெருவில் கடை நடத்திய யூதருக்காக எழவில்லை என்பதே துக்ககரமான செய்தி.

1938-ம் ஆண்டு மற்றொன்று நிகழ்ந்தது. குருமார் அனைவரும் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்று சபை நிர்வாகத்தாரே உத்தரவிட்டனர். பெரும்பாலோர் மனங்கலங்கி, வாதாடி, இறுதியில் பிரமாணம் செய்தனர். சில மாதங்களில் நாஜி கட்சியின் உயர் அதிகாரி ஒருவர் அனுப்பிய சுற்றறிக்கை வெளிப்பட்டது: அப்பிரமாணத்தை அரசாங்கம் கேட்கவே இல்லை; அது சபையின் சொந்த விவகாரம் என்று அதிற் கண்டது. கேட்கப்படாத காணிக்கையைக் கொடுத்து, அதற்கு நன்றியும் பெறாதவர் நிலையை என்னென்பது!

நிற்க. சங்கங்களின் கதைக்கு வருகிறேன். ஜெர்மானியர் சங்கம் கூடுவதில் மிக்க விருப்பமுடையவர். சிறிய ஊரிலும் பாடகர் சங்கம், தேகப்பயிற்சிச் சங்கம், தொழிலாளர் சங்கம், வர்த்தகர் சங்கம் எனப் பல இருந்தன. நார்த்தைம் என்னும் பத்தாயிரம் ஜனத்தொகையுள்ள ஓர் ஊரை ஆராய்ந்து, ஆலன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1965-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். 1933-ம் ஆண்டின் சில மாதங்களிலேயே அவ்வூர்ச் சங்கங்கள் ஒவ்வொன்றாக நாஜி கட்சியின் பிடிக்குள் வந்த வரலாற்றை அந்நூலிற் காணலாம். நாடெங்கிலும் இதுவே நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாக சபை போய், நியமனம் பெற்ற தலைவர் வந்தார். யூத அங்கத்தினரை விலக்கும் விதி சேர்க்கப்பட்டது. கட்டாயம் வருமுன்னரே தாமாக விலக்கிய சங்கங்களும் பலவுண்டு. கட்டடமும் பெயர்ப்பலகையும் அப்படியே இருந்தன. பாட்டும் நின்றுவிடவில்லை. ஆனால் அங்கத்தினர் ஒருவரையொருவர் நம்பி மனம்விட்டுப் பேசும் இடமாக அது இல்லாது போயிற்று. அரசனுக்கும் தனி மனிதனுக்கும் இடையே நின்று நிழல் தரும் மரங்கள் இச்சங்கங்களே. அவை விழுந்தபின் ஒவ்வொருவனும் வெயிலில் தனித்து நின்றான்.

இவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாத செய்தி ஒன்று உண்டு. தான் யூத வமிசத்தவன் அல்லன் என்று நிரூபிக்க விரும்பிய ஒவ்வொருவரும் பெற்றோர், பாட்டன் பாட்டியர் பிறப்புக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. அச்சான்றுகளில் மிகுதியானவை எங்கே இருந்தன? தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில். குழந்தையைத் தெய்வத்தின் முன் கொண்டுவந்த நாளைக் குறித்து வைத்த புனிதமான ஏடு, மனிதரைப் பிரித்துக் குறியிடும் ஏடாக மாறியது. ஆயிரக்கணக்கான குருமார் அமர்ந்து, கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, நகல் எடுத்துக் கொடுத்தனர். அவருள் எவரும் ஒருவரையும் அடித்ததில்லை. எழுத்து வேலைதானே என்று செய்தனர். அந்த எழுத்து வேலையின் மறுமுனையில் அறுபது லட்சம் யூதரின் மரணம் இருந்தது.

எல்லோரும் மௌனமாக இருந்தனர் என்று கூறுவது தர்மமாகாது. பெர்லின் கத்தோலிக்கக் குரு பெர்ன்ஹார்டு லிக்டன்பர்க், ஆலயத்தில் யூதருக்காகப் பகிரங்கமாகப் பிரார்த்தனை செய்தார். கைது செய்யப்பட்டு, 1943-ல் டாக்காவுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் உயிர் துறந்தார். டீட்ரிக் போன்ஹாபர் என்னும் இளம் புராடெஸ்டண்டுக் குரு, யூதரைக் காப்பது சபையின் கடமையென 1933-ம் ஆண்டிலேயே எழுதினார். 1945 ஏப்ரல் 9-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். நீமொல்லர் 1937 முதல் யுத்த முடிவு வரை சிறையில் இருந்தார். மூன்ஸ்டர் நகர அத்தியட்சர் காலன், மனநோயாளரையும் ஊனமுற்றோரையும் அரசாங்கம் இரகசியமாகக் கொல்வதை 1941 ஆகஸ்டு 3-ந் தேதி பிரசங்க மேடையிலேயே வெளிப்படுத்தினார். அதற்குள் எழுபதினாயிரம் பேருக்கு மேல் மாண்டிருந்தனர். அம்மாதம் 24-ந் தேதி அக்கொலைத் திட்டத்தை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். மறைவாக அக்கொடுமை பின்னும் தொடர்ந்ததாயினும், ஒரு குரலின் வலிமை யாதென்பது அன்று புலப்பட்டது. அத்தகைய குரல் 1933-ல், தேசமெங்கும், பிறருக்காக எழுந்திருந்தால்? 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டு நகரிற் கூடிய சபைத் தலைவர்கள், இன்னும் தைரியமாக நாங்கள் சாட்சி பகர்ந்திருக்க வேண்டும் என்னும் கருத்தில் தம் குற்றத்தை அறிக்கையிட்டனர். காலங்கடந்த அறிக்கை, எனினும் நேர்மையான அறிக்கை.

ஆகவே மதம் குடியாட்சிக்குப் பகையா? அன்று. லிக்டன்பர்க்கைச் சிறைக்கு அனுப்பியதும் பக்தியே. போட்ஸ்டாமில் கண்ணீர் உகுத்ததும் பக்தியே. தன் சந்நிதிக்கு வெளியே நிற்பவனையும் தெய்வத்தின் பிள்ளையாகக் காணும் பக்தி சுதந்திரத்திற்குக் காவல். தன் மதில், தன் பள்ளி, தன் பட்டம் இவற்றின் சேமத்தை மட்டும் கேட்டு அமைதியடையும் பக்தி, கொடுங்கோலனுக்கு ஏணி. ஜெர்மனியிற் சபையும் கட்சியும் சங்கமும் ஒவ்வொன்றும் கேட்ட கேள்வி ஒன்றே: எங்களுடையது பத்திரமா? ஆம் என்ற விடை கிடைத்ததும் அவை நாட்டை ஒப்படைத்தன. பிறகு அவற்றினுடையதும் பத்திரமாக இருக்கவில்லை.

இப்போது, தொடக்கத்தில் யான் விட்டுவைத்த காரணத்தைக் கூறுகிறேன். நமது சங்கம் பிறப்பால் ஒன்றுபட்டோரின் சங்கம். நம் பிள்ளைகளின் கல்விக்கு நிதி, வெளியூர் மாணவர்க்கு விடுதி, ஏழைக்கு விவாக உதவி, கோயிற் கட்டளை எனப் பல நற்காரியங்களுக்காக நாம் கூடுகிறோம். இவற்றிற்கு யான் எதிரியல்லேன். ஆனால் நம் கையிலும் ஒரு குலப் பதிவேடு இருக்கிறது. அது உதவி பெறுவோரை அறிவதற்குரிய ஏடாக இருக்கும் வரையில் நன்று. பிறரைத் தாழ்த்தவோ விலக்கவோ அதனைத் திறக்கும் நாளில், நாமும் அந்தக் குருமாரின் மேசையில் அமர்ந்தவராவோம். அதிகாரத்தில் இருப்போர், எக்கட்சியினராயினும், நம்மிடம் வந்து உங்கள் விடுதிக்கு மானியம், உங்கள் வகுப்புக்குப் பதவி, உங்கள் கோயிலுக்குத் திருப்பணி என்று சொல்லும்போது, நாம் இரண்டாவதொரு கேள்வி கேட்கப் பழகுதல் வேண்டும்: மற்றவருடையது என்ன ஆகும்?

ஆதலின் சில விண்ணப்பங்கள். சங்கத்தின் பெயரால் அங்கத்தினரின் வாக்கை யாருக்கும் அடகு வைத்தல் வேண்டா. வாக்கு அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. நிர்வாகிகள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று எழுதுவதில் நாம் பெருமை கொள்கிறோம். மறுத்துக் கைதூக்கும் ஒருவனுக்கும் மரியாதை கொடுத்து அவன் பெயரையும் குறிப்பேட்டில் எழுதுவது அதனினும் பெருமை. கணக்கைக் கேட்கும் இளைஞனைக் கலகக்காரன் என்னாதிருப்போம். இம்மண்டபத்திற் பழகாத குடியாட்சி தேசத்தில் எங்ஙனம் பழகும்? வேறொரு வகுப்பாருக்கோ மதத்தாருக்கோ அநீதி நேர்ந்தால், நம் கூட்டத்தின் முதல் தீர்மானம் அதைப் பற்றியதாக இருக்கட்டும். நம் சொந்தக் கோரிக்கை இரண்டாவதாக வரட்டும்.

1949-ம் ஆண்டு மேற்கு ஜெர்மானியர் இயற்றிய புதிய அரசியல் சட்டத்தில், மனிதனின் மாண்பு மீறப்படலாகாது என்பதை முதல் விதியாக வைத்தனர். எவ்வளவு பெரிய விலை கொடுத்து அந்த ஒரு வரியை அவர்கள் எழுத நேர்ந்தது! அவ்விலையைக் கொடாமலே அவ்வரியைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. எல்லாம் வல்ல இறைவன் அதற்குரிய அறிவையும் உறுதியையும் நமக்கு அருள்வானாக.